குதிரைவால்

லெம்விக் துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல் என்னுடையது.
விரித்த காகிதத்தின் மேல்
நாளொன்றுக்குப் பதினாறு முதுகுகள்
குப்புறக் கிடக்கின்றன.
மேஜை ஓட்டைக்குள் முகம் புதைத்துத்
தரையோடு பேசுகிறார்கள்:
மகளின் விவாகரத்து, டீசல் விலை,
தூங்க விடாத இடது தோள்.
இந்த ஊரின் ரகசியங்கள்
என் செருப்புகளுக்குத்தான் அத்துபடி.

பலர் வருவது சத்தத்துக்காக.
'டப்' என்று ஒன்று கேட்டுவிட்டால்
பாதி வலி அங்கேயே கழன்றுவிடும்.
"எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டதா, டோவே?"
அது எங்கும் எழுந்து போகவில்லை என்பேன்.
மூட்டு நீருக்குள் ஒரு குமிழி, அவ்வளவுதான்.
யாரும் நம்புவதில்லை.
சோடா திறக்கும் ஓசைக்கு
யார் முந்நூறு குரோனர் கொடுப்பார்கள்?

எனக்கு முன் இந்த அறையை வைத்திருந்தவர்
சுவரில் படம் மாட்டியிருந்தார்.
ஒவ்வொரு முள்ளெலும்பிலிருந்தும் ஒரு சிவப்புக் கோடு:
இது காதுக்கு, இது ஈரலுக்கு,
இது மனக்கவலைக்கு.
கழற்றி ஒன்பது வருஷம் ஆகிறது.
அந்தச் சதுரம் மட்டும்
இன்னும் வெளுப்பாக இருக்கிறது.
இடுப்புவலிக்குக் கொஞ்சம் நல்லது செய்வேன்.
கழுத்துக்கும்.
ஈரலை எனக்குத் தெரியாது.

வாக்ன், என்னோடு பள்ளியில் படித்தவன்,
ஃபியோர்டில் சிப்பி வாருகிறவன்.
நவம்பர் வந்தால் அவன் முதுகும் வந்துவிடும்.
அந்த வியாழக்கிழமை
நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான்,
சுடுகல் மேல் உட்காருகிறவன் போல.
எப்போதும் ஒரு கால்தான் இழுக்கும்.
அன்று இரண்டு.

"கடைசியாக எப்போது சிறுநீர் போனாய்?"
ஜன்னலைப் பார்த்தான்.
படகு ஒன்று பின்வாங்கிக்கொண்டிருந்தது.
"நேற்று மத்தியானம்.
முட்டுகிற மாதிரியே இல்லை."
"சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்திருக்கிறதா?"
"என் பெண்டாட்டிகூட
இதையெல்லாம் கேட்டதில்லை."
பிறகு, சின்னக் குரலில், "ஆமாம்."

தண்டுவடம் கீழ்வரை ஓடுவதில்லை.
விலா முடிந்த கொஞ்ச தூரத்தில்
தானும் முடிந்து
நரம்பு நரம்பாய்ப் பிரிந்து தொங்குகிறது.
அறுத்துப் பார்த்த பழைய மருத்துவர்கள்
குதிரைவால் என்று பெயர் வைத்தார்கள்.
அடக்குவதும் விடுவதும்
ஆசையும் கூச்சமும்
அந்த மயிர்க்கற்றையில் போய் வருகின்றன.
அதன் மேல் எதுவோ
ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஒரே ஒரு தடவை அழுத்து" என்றான்.
"சத்தம் வந்தால் சரியாகிவிடும்."
என் கைகளுக்கும் ஆசைதான், பொய் சொல்லமாட்டேன்.
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்
முழங்கைவரை வந்து நின்றது.
கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

அவசர எண்ணுக்குப் பேசினேன்.
ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம்.
ஃபோனில் இருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு
என் காரின் பின்சீட்டில்
அவனைச் சாய்த்துப் படுக்க வைத்தேன்.
வண்டி முழுக்கச் சிப்பி வாடை.
கழுத்துவலியோடு காத்திருந்த ஃப்ரூ ஸ்கௌபி
"என் நேரம் என்னாவது?" என்று
வாசல்வரை வந்தாள்.
வழிநெடுகக் காற்றாலைகள்.
வாக்ன் படுத்தபடியே எண்ணினான்,
முப்பத்தொன்றில் விட்டுவிட்டான்.

அன்றிரவே வெட்டினார்கள்.

ஏப்ரலில் வந்தான்,
ஒரு பெட்டி சிப்பியும் கொஞ்சம் நொண்டலுமாக.
"தண்ணீர் போகிறது" என்றான்,
மற்றதைப் பற்றி நானும் கேட்கவில்லை.
"அன்றைக்கு எவ்வளவு தரணும்?"
கணக்கைத் திறந்து பார்த்தேன்.
சிகிச்சை என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தேன்.
"ஒன்றும் செய்யலையே நான்."

படுக்கட்டுமா என்று மேஜையைக் காட்டினான்.
நடக்கச் சொன்னேன்,
அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, வெறுங்காலோடு.
முகம் தொங்கிவிட்டது.
வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே
பத்து விரலிலும் நெட்டி முறித்தான்.
ஒன்பதுதான் கேட்டது.